பச்சைக்குக் கீழே

அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் உவர்ச் சதுப்புகள் 2014-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படங்களில் பச்சையாகத் தெரிகின்றன. 2023-ஆம் ஆண்டின் படங்களிலும் பச்சைதான். சில இடங்களில் பச்சை கூடியே இருக்கிறது. இந்தப் பத்தாண்டுப் படங்களையும், சதுப்பைத் தோண்டி எடுத்த வேர் மாதிரிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2025-இல் வெளியானது. இலைகள் எவ்வளவு என்பதோடு நிற்காமல், மண்ணுக்குள் வேர்த்திரள் எவ்வளவு இருக்கிறது என்று அது கணக்கிட்டது. சதுப்பின் 72 சதவீதப் பரப்பில் வேர்த்திரள் குறைந்திருந்தது. குறைவு ஆண்டுக்குச் சராசரியாக 1.2 சதவீதம்.

பத்தாண்டுக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். வயலில் இப்படி நேர்ந்தால் ஒரு போக விளைச்சல் குறைந்தது என்று கணக்கெழுதிவிட்டு அடுத்த போகத்தைப் பார்க்கலாம். சதுப்பில் அது முடியாது. அங்கே தரையைத் தரையாகப் பிடித்து வைத்திருப்பது வேர்.

உவர்ச் சதுப்பு என்பது நாளுக்கு இருமுறை கடல்நீர் ஏறி வடியும் புல்வெளி. ஜார்ஜியாவில் அந்தப் புல் பெரும்பாலும் ஒரே இனம்: ஸ்பார்ட்டினா. ஓடைக்கரையில் ஆளுயரம் வளரும், உட்பகுதியில் முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், சென்னைக் கரையில் ஒரு மீட்டர் அளவில் இருக்கிறது. உள்வாங்கி வளைந்த ஜார்ஜியாக் கரையில் அது இரண்டு மீட்டருக்கும் மேல். ஏறும் நீர் வண்டலைச் சுமந்து வருகிறது. புல்லின் தண்டுகள் அதன் வேகத்தைத் தணிக்க, வண்டல் படிகிறது. கீழே வேர்கள் வளர்ந்து, மடிந்து, முழுதும் மக்காமல் மண்ணோடு சேர்கின்றன. வண்டலும் வேரும் சேர்ந்து சதுப்பின் தரையை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்த்துகின்றன. கடல்மட்டமும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. இந்த இரண்டு எண்களில் எது பெரியது என்பதைப் பொறுத்துச் சதுப்பு நிலைக்கும், அல்லது மூழ்கும்.

கடல் முந்தும்போது நடப்பது இது. புல் நீரில் நிற்கும் நேரம் கூடுகிறது. வேரடியில் ஆக்சிஜன் குறைகிறது. வேர்த்திரள் மெலிகிறது. இலை மட்டும் சில ஆண்டுகள் செழித்தே நிற்கும். வேர் மெலிந்த மண் தளர்ந்து அமிழ்கிறது. அமிழ்ந்த தரையில் நீர் இன்னும் அதிக நேரம் நிற்கிறது. ஓர் உருளைக் குழாயைச் சதுப்பில் இறக்கி மண்ணை வெட்டி எடுத்தால் இது கைக்கே தெரியும். நல்ல சதுப்பின் மண்கட்டியைப் பிய்க்க வலு வேண்டும். தேங்காய் நார் போல வேர் பின்னிக் கிடக்கும். வேர் போன இடத்தில் கறுத்த சேறு விரலிடுக்கில் வழியும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மேலே இரண்டிலும் ஒரே நிறப் புல்தான்.

இந்தக் கரையில் இருக்கும் சபெலோ தீவு, உலகில் மிக நெருக்கமாக ஆராயப்பட்ட உவர்ச் சதுப்புகளில் ஒன்றைக் கொண்டது. அது ஓர் அரண் தீவு. அட்லாண்டிக் அலைகளைத் தான் வாங்கிக்கொண்டு பின்னாலுள்ள நிலத்தைக் காப்பது. சதுப்பையும் சேர்த்து ஏறத்தாழ 16,500 ஏக்கர். பாலம் இல்லை. மெரிடியன் துறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உள்நாட்டுப் போர் வரை அடிமைகளின் உழைப்பில் பருத்தியும் கரும்பும் விளைந்த தோட்டம் அது. பிறகு பணக்காரர்களின் ஓய்விடம் ஆனது. இன்று பெரும்பகுதி மாநில அரசின் காப்பு நிலம். நடுவே 434 ஏக்கரில் ஹாக் ஹாமக் என்ற ஒரே ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கீச்சி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இன்று அவர்கள் 30 முதல் 50 பேர்.

தீவின் மேற்குப் பக்கம் மூன்று சிப்பி வளையங்கள் உள்ளன. பெரியது இன்றும் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், 75 மீட்டருக்கும் மேல் அகலம். 4,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியிருந்த மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகளால் ஆன வட்டச் சுவர் அது. அந்த ஓடுகளின் அளவையும் வேதியியலையும் ஆராய்ந்தவர்கள் 2022-இல் ஒரு வரிசையைக் காட்டினார்கள். கடல்மட்டம் தாழத் தொடங்கியது. சிப்பிகளின் அளவு சிறுத்தது. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் குடியிருப்பு கைவிடப்பட்டது. அன்று கடல் இறங்கியது, இன்று ஏறுகிறது. திசை வேறு. ஒரு மட்டத்தை நம்பி அமைந்த வாழ்வு அந்த மட்டம் நகர்ந்தபோது என்ன ஆனது என்பதற்கு இந்த வளையங்களே சான்று.

பின்னர் வந்தவர்கள் சிப்பியை வேறு வேலைக்கு எடுத்தார்கள். 1802-இல் தீவின் தென்முனையை வாங்கிய தாமஸ் ஸ்பால்டிங் கட்டடங்களை டாபியில் எழுப்பினார். டாபி என்பது கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல், உடைக்காத சிப்பி ஓடு, நீர் நான்கையும் சம அளவில் கலந்து, பலகை அச்சுக்குள் கொட்டி இடித்து இறுக்கிய சுவர். இந்தக் கரையில் டாபிக்கான ஓடு பெரும்பாலும் பழங்குடிகளின் சிப்பிக் குவியல்களிலிருந்து வந்தது. தீவின் வடபகுதியில் சாக்லெட் என்ற தோட்டத்தின் இடிபாடுகளில் அந்தச் சுவரைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு சாண் அகலத்திலும் முழுச் சிப்பிகள் விளிம்பு தெரியப் புதைந்திருக்கும். அவற்றைச் சுமந்தவர்களும், சுட்டவர்களும், இடித்தவர்களும் அடிமைகள். ஸ்பால்டிங்கின் உடைமையாக உச்சகட்டத்தில் ஏறத்தாழ 350 பேர் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பிலாலி முகமது. இன்றைய கினி நாட்டின் ஃபூத்தா ஜல்லோன் பகுதியில் பிறந்தவர். பகாமாஸ் வழியாகக் கொண்டுவரப்பட்டு, தோட்டத்தின் மேலாளாக இருந்தார். தொழுகை, நோன்பு முறைகளைப் பற்றி அவர் அரபு எழுத்தில் எழுதிய 13 பக்கச் சுவடி இன்று ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அமெரிக்க மண்ணில் அடிமையாக இருந்தவர் எழுதிய இஸ்லாமிய நூல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1824 செப்டம்பரில் பெரும்புயல் அடித்தபோது தோட்டத்து மக்களை டாபிக் கட்டடங்களுக்குள் ஒதுக்கிக் காப்பாற்றியவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. ஸ்பால்டிங்கின் வீடும் அந்தப் புயலைத் தாங்கியது. தடித்த சுவர்களோடு, தாழ்வாக, காற்றை மனத்தில் வைத்துக் கட்டிய வீடு அது.

காற்றுக்கு விடை இருந்தது. நீருக்கு இருக்கவில்லை. 1898 அக்டோபர் 2-இல் வந்த புயலின்போது, தெற்கே பிரன்ஸ்விக் நகரில் கடல் 16 அடி எழுந்தது. குறைந்தது 179 பேர் இறந்தார்கள். சபெலோவின் பெரும்பகுதி நீருக்குள் போனது. 1820-இல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கம் சேதமடைந்தது. 1905-இல் அருகே ஓர் இரும்புக் கோபுரம் எழுந்தது. பிறகு அதையும் கழற்றி மிச்சிகன் ஏரித் தீவு ஒன்றுக்கு எடுத்துப் போனார்கள். 1898 புயலின் பாதை, அந்த வலிமை, அந்த நேரத்து ஓதம் மூன்றும் இன்று அப்படியே திரும்பினால், அது புறப்படும் கடல் அன்றைவிட ஓரடி உயரமாக இருக்கும்.

அந்த ஓரடிக்கு அளவீடு உண்டு. சபெலோவுக்கு வடக்கே, சவானா ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் ஃபோர்ட் புலாஸ்கி கோட்டையில் 1935 முதல் கடல்மட்டம் பதிவாகிறது. நீண்டகால ஏற்றம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல். தொண்ணூறு ஆண்டுகளில் அது 30 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. அந்தக் கருவி பதிந்த மிக உயர்ந்த இரண்டு மட்டங்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவை. 2016 அக்டோபரில் மேத்யூ புயல்: 12.57 அடி. 2017 செப்டம்பரில் இர்மா: 12.24 அடி. இரண்டும் தாழ் ஓத மட்டத்திலிருந்து கணக்கிட்டவை. இர்மாவின் மையம் இந்தக் கரைப்பக்கம் வரவே இல்லை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், உள்நாட்டு வழியாகப் போனது. ஹாக் ஹாமக்கில் வெள்ளம் புகுந்தது.

அமெரிக்காவின் தென்கிழக்கு, வளைகுடாக் கரைகளில் 2010-க்குப் பிறகு ஏற்றம் ஆண்டுக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறது என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் ஒரு பங்கு காற்றோட்டத்தின் இயல்பான ஊசலாட்டம். அது தணியக்கூடும் என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. ஆனால் சதுப்பு சராசரியைக் கொண்டு வாழ்வதில்லை. பத்தாண்டுகள் தொடர்ந்து வேர் மூச்சுத் திணறினால், பதினோராம் ஆண்டு கடல் மெதுவாக ஏறினாலும் போன வேர் போனதுதான்.

வேர் தளர்ந்த மண்ணுக்கு வேறொரு வேலையாள் காத்திருக்கிறது. ஊதாச் சதுப்பு நண்டு, அறிவியல் பெயர் செசார்மா. கட்டியான மண்ணில் அதனால் வளை தோண்டுவது கடினம், மிக இளகிய சேற்றில் வளை நிற்காது. அடிக்கடி நனைந்து சற்றே இளகிய ஓடைத் தலைப்பு அதற்குத் தோதானது. அங்கே கூட்டமாகக் கூடிப் புல்லை வேரோடு தின்கிறது. மொட்டையான தரை சரிந்து ஓடை உள்ளே நீள்கிறது. நண்டு முன்னே நகர்கிறது. தென்கிழக்குக் கரையின் ஓடைத் தலைப்புகளில் நண்டு மேய்ந்தவை முன்பு 10 சதவீதம் அளவில் இருந்தன. கால் நூற்றாண்டுக்குள் அது 30 சதவீதத்தை நெருங்கியது. 2020-இல் வெளியான கணக்கு இது. கைவிரல் அகல உடம்புதான் அந்த நண்டுக்கு. நூற்றாண்டுகளாக அதே சதுப்பில் பெரிய தடயம் விடாமல் வாழ்ந்தது. மாறியது மண்ணின் இறுக்கம் மட்டுமே.

இவ்வளவும் தெரிய வந்ததற்கு ஒரு காரணம், சதுப்பைப் பற்றிய அடிப்படை அறிவியலில் ஒரு பகுதியே இந்தத் தீவில் உருவானது. 1953-இல், தீவின் உரிமையாளரான சிகரெட் நிறுவன வாரிசு ஆர். ஜே. ரெனால்ட்ஸ் தந்த ஆதரவில், பண்ணைக் கட்டடங்களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் தொடங்கியது. சூழலியலாளர் யூஜின் ஓடம் அதற்குப் பின்னால் இருந்தார். 1962-இல் ஜான் டீல் இங்கே சதுப்பின் ஆற்றல் கணக்கை வெளியிட்டார். சதுப்பில் உருவாகும் உணவில் 45 சதவீதம் ஓதத்தோடு வெளியேறிக் கழிமுகத்துக்குப் போகிறது என்பது அவர் கணக்கு. எண்ணைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். வெறும் சேறு என்று கருதப்பட்ட நிலம் மீனுக்கும் இறாலுக்கும் நாற்றங்கால் என்ற உண்மை நின்றது.

1968-இல் ஒரு சுரங்க நிறுவனம் ஜார்ஜியாக் கரையில் பாஸ்பேட் தோண்ட அனுமதி கேட்டபோது இந்த அறிவு பயன்பட்டது. 1970-இல் கரையோரச் சதுப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் எஞ்சியுள்ள உவர்ச் சதுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, நூறு மைல் நீளமே உள்ள இந்த ஜார்ஜியாக் கரையில் இருக்கிறது. அந்தச் சட்டம் நல்ல சட்டம். அதில்லாமல் இந்தப் பரப்பில் பாதி மிஞ்சியிருக்குமா என்பதே ஐயம். அது சதுப்பைத் தூர்ப்பவரைத் தடுக்கிறது, தோண்டுபவரைத் தடுக்கிறது. கீழிருந்து மூழ்கடிக்கும் நீருக்கு அனுமதி மனு தேவையில்லை. கடல்மட்டம் 2100-க்குள் 52 சென்டிமீட்டர் ஏறினால் ஜார்ஜியாவின் உவர்ச் சதுப்பில் 20 சதவீதம் போகும், 82 சென்டிமீட்டர் ஏறினால் 45 சதவீதம் போகும் என்று 2009-இலேயே கணக்கிட்டிருந்தார்கள். வேர்த்திரள் குறைந்துகொண்டிருக்கிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. அப்போது அது தெரியாது.

மூழ்கும் சதுப்பு ஓர் இடத்துக்குத்தான் தப்ப முடியும்: மேட்டுக்கு. கடல் ஏற ஏற, கரையோரக் காட்டின் வேர்களில் உப்பு ஏறி மரங்கள் பட்டுப்போகும். அந்த வெளியில் சதுப்புப் புல் குடியேறும். சபெலோவில் மேட்டு நிலத்தின் பெரும்பகுதி மாநிலத்தின் காடு. அங்கே சதுப்புக்கு வழி இருக்கிறது. வழியில் வீடுகள் இருக்கும் ஓர் இடம் ஹாக் ஹாமக்.

அந்த வீடுகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1865 ஜனவரி 16-இல் ஜெனரல் ஷெர்மன் பிறப்பித்த உத்தரவு, சார்லஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளை விடுதலையானவர்களுக்கு ஒதுக்கியது. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. அதே ஆண்டின் இறுதிக்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பினார். சபெலோ மறுபடி ஸ்பால்டிங்கின் வாரிசுகளிடம் போனது. அதன் பிறகு அங்கே கறுப்பின மக்கள் நிலம் பெற்றது ரொக்கம் கொடுத்துத்தான். 1871-இல் வில்லியம் ஹில்லரி, ஜான் குரோவ்னர், பிலாலி பெல் மூவரும் ஒரு நிறுவனம் அமைத்து, ரக்கூன் பிளஃப் என்ற மேட்டுக்கரையில் 1,000 ஏக்கரை 2,000 டாலருக்கு வாங்கினார்கள். மூவரும் முன்பு அடிமைகள். அந்த நிலத்தைப் பிரித்துக் குடும்பங்களுக்கு விற்றார்கள். பள்ளியும் தேவாலயமும் வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவில் 500 பேர் அளவில் இருந்தார்கள்.

1912-இல் ஹட்சன் மோட்டார் நிறுவனத்தின் பொறியாளர் ஹோவர்ட் காஃபின், இந்த மக்களின் ஊர்கள் நீங்கலாகத் தீவை 1,50,000 டாலருக்கு வாங்கினார். 1934-இல் அது ரெனால்ட்ஸிடம் வந்தது. 1950 முதல் 1964 வரை அவர் தீவில் சிதறியிருந்த கறுப்பின ஊர்களை ஒவ்வொன்றாக ஹாக் ஹாமக்கில் குவித்தார். நிலத்துக்கு நிலம் மாற்று. மாறுபவர்களுக்கு மின்சார வசதியுள்ள வீடு என்ற வாக்குறுதி. தீவில் அவரைத் தவிர வேலை கொடுப்பவர் கிடையாது, படகும் அவருடையது. ரக்கூன் பிளஃப் காலியானது. மேட்டுக்கரையில் இருந்தவர்கள் தீவின் உட்பகுதித் தாழ்நிலத்துக்கு வந்தார்கள். 1969-இல் வடபகுதியும் 1976-இல் தென்பகுதியும் ரெனால்ட்ஸின் மனைவி வழியாக மாநிலத்துக்கு விற்கப்பட்டன.

தாழ்நிலத்தில் வடிகால் வாய்க்கால்கள் உண்டு. தோட்டக் காலத்தில் வயலில் தேங்கும் மழைநீரைக் கடலுக்கு வடிக்க அடிமைகளைக் கொண்டு வெட்டியவற்றில் தொடங்கி, பின்வந்த உரிமையாளர்கள் வெட்டியவை வரை. வாய்க்காலுக்கு ஒரே விதிதான்: நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்குப் போகும். கடல் தாழ்வாக இருந்தவரை வயல் வடிந்தது. பேரோத நாள்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிக உயரும் நாள்களில், இப்போது கடல் உயரம், வாய்க்கால் தாழ்வு. உப்புநீர் அதே பாதையில் ஊருக்குள் ஏறுகிறது. புயல் தேவையில்லை, மழைகூடத் தேவையில்லை. ஏறிய நீர் வடியும்போது உப்பை விட்டுச் செல்கிறது. அந்த மண்ணில்தான் ஊரின் சிவப்புப் பயறும், மீட்டெடுத்து நட்ட ஊதாக் கரும்பும் விளைகின்றன. ஊரின் கதைகளை எழுதி வைத்த கொர்னீலியா வாக்கர் பெய்லி 2017-இல் மறையும் வரை அந்தப் பயிர்களைத் திரும்பக் கொண்டுவர உழைத்தார்.

நீருக்கு முன்பே சட்டமும் வரியும் ஊருக்குள் வந்துவிட்டன. ஹாக் ஹாமக்கின் நிலங்களில் பல பிரிபடாத வாரிசுச் சொத்துகள். தாத்தா உயில் எழுதவில்லை. மக்கள், பேரர் எல்லாருக்கும் பங்கு உண்டு. எந்த மூலையும் எவர் பெயரிலும் தனியாக இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுப் பட்டா வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இதில் ஒரு கூர்முனை இருந்தது. தொலைவில் வாழும் ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் விலைக்கு வாங்கி, நீதிமன்றம் போய், மொத்த நிலத்தையும் ஏலம் போட வைக்க முடிந்தது. மற்ற பங்காளிகள் முதலில் வாங்கிக்கொள்ள வழிசெய்யும் சட்டத்தை ஜார்ஜியா 2012-இல் இயற்றியது. ஏலத்தில் ஏற்கனவே போன நிலம் அதனால் திரும்பவில்லை.

அதே 2012-இல் சொத்து மதிப்பைத் திருத்தியபோது சில குடும்பங்களின் வரி பல மடங்கானது. அந்த வரிக்கு ஈடாகத் தீவில் இருந்தவை சொற்பம். பள்ளி 1978-இல் மூடப்பட்டது. பிள்ளைகள் படகேறிப் படிக்கப் போகிறார்கள். மருத்துவமனை கிடையாது. 2015 டிசம்பரில் தீவு மக்கள் மாநிலத்தின் மீதும் மெக்கின்டோஷ் மாவட்ட நிர்வாகத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். 2020-இல் மாநிலம் 7,50,000 டாலருக்குச் சமரசமானது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி படகுத்துறைகளைப் புதிதாகக் கட்டித்தர ஒப்புக்கொண்டது. 2022-இல் மாவட்டம் 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

தீவின் பக்கம் மார்ஷ் லேண்டிங் என்ற துறையில் 80 அடி நீள அலுமினிய நடைபாலம் 2021-இல் வந்தது. நிலையான மேடையையும், ஓதத்தோடு ஏறி இறங்கும் மிதவையையும் இணைப்பது அதன் வேலை. 2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. தீவின் பண்பாட்டு நாள். சுமார் 700 பேர் வந்திருந்தார்கள். திரும்பும் படகுக்காக நடைபாலத்தில் 40 பேர் அளவில் நின்றிருந்தபோது அது நடுவில் முறிந்தது. குறைந்தது 20 பேர் நீரில் விழுந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அவர்களின் வயது 73 முதல் 93 வரை. படகு எதுவும் மோதவில்லை என்று மாநிலத்தின் இயற்கை வளத் துறை அறிவித்தது. பாலம் போட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

அதற்கு ஓராண்டு முன்பு, 2023 செப்டம்பர் 12 அன்று, மாவட்ட ஆணையம் 3-க்கு 2 என்ற வாக்கில் ஹாக் ஹாமக்கின் கட்டட விதியை மாற்றியது. வீட்டின் அளவு 1,400 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது என்ற பழைய வரம்பு 3,000 சதுர அடியானது. பழைய வரம்பு இருந்ததே, பெரிய விடுமுறை வீடுகள் வந்து நில மதிப்பையும், அதன் வழியே வரியையும் ஏற்றிவிடாமல் இருக்கத்தான். மாற்றத்தை வாக்கெடுப்புக்கு விடக் கோரி மாவட்டத்தில் 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2024 அக்டோபர் 1-க்குக் குறித்திருந்த வாக்கெடுப்பை, முன்கூட்டிய வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே ஒரு நீதிபதி நிறுத்தினார். 2025 செப்டம்பர் 30-இல் மாநில உச்ச நீதிமன்றம் மக்களுக்கு அந்த உரிமை உண்டு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தீவில் செய்து பார்த்த தடுப்பு வேலைகளும் உண்டு. ஆஷன்டில்லி, லாங் டாபி என்ற இரண்டு இடங்களில் கரை அரிப்பைத் தடுக்க, சிமென்டுச் சுவருக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளை வலைப்பைகளில் கட்டி அடுக்கி, உள்ளூர்ச் செடிகளை நட்டிருக்கிறார்கள். ஓட்டின் மேல் புதிய சிப்பிகள் ஒட்டி வளர்கின்றன. அலையின் வேகம் குறைகிறது. முறை வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை, இன்னும் பல இடங்களில் செய்ய வேண்டியதும்கூட. ஒவ்வொன்றின் நீளமும் சில நூறு அடி. அது காப்பது கரையின் விளிம்பை. சதுப்பின் உள்ளே வேர் குறைவதை அது தொடாது. வாய்க்காலில் ஏறும் நீரையும் தொடாது.

அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கிழக்குக் கரையில் 2020-க்கும் 2050-க்கும் இடையில் கடல் 25 முதல் 35 சென்டிமீட்டர் ஏறும். கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் ஏறியது அடுத்த முப்பதில். சேதம் விளைவிக்கும் ஓத வெள்ளம் 2050-இல் இன்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் அடிக்கடி வரும் என்பதும் அதே மதிப்பீடு. புகை வெளியேற்றத்தை இன்றே நிறுத்தினாலும் இந்த முப்பதாண்டு எண் பெரிதாக மாறாது. கடலில் ஏற்கனவே சேர்ந்த வெப்பத்தின் கணக்கு அது. வெளியேற்றம் முடிவு செய்யப்போவது அதற்குப் பிந்தைய எண்ணை.

அமெரிக்காவில் வீட்டுக் கடனின் வழக்கமான காலம் 30 ஆண்டுகள். ஹாக் ஹாமக்கில் 2026-இல் அப்படிக் கடன் வாங்கி ஒருவர் பெரிய வீடு கட்டினால், கடைசித் தவணை 2056-இல் வரும். அந்த வீடு ஏற்றிவிடும் வரி, அடுத்த மதிப்பீட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துவிடும்.